இரும்பு முள்: மெதுவாக நின்று ஜெயிக்கும் ஒரு தாவரப் போக்கிமான்



நாக்பூரில் மே மாதம் பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடிவதில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் போக்கிமான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 'ஏதோ பொம்மைச் சண்டை' என்று சொல்லிவிட்டு நாம் நாளிதழைப் புரட்டப் போய்விடுகிறோம். ஆனால் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்து ஆட்டம் பார்த்தால், இதில் சதுரங்கத்துக்குக் குறையாத கணக்கு இருப்பது தெரியவரும். வீட்டில் இந்தியும் மராத்தியும் கலந்து பேசும் பேரப் பிள்ளைகள், இந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டால் முழுசாகத் தமிழில் விளக்கம் சொல்கிறார்கள் என்பது கூடுதல் லாபம்.

என் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, தன் அணியில் உள்ள ஃபெரோதார்ன் என்ற பிராணியை நீக்கிவிட்டு வேகமான ஒரு டிராகனைச் சேர்க்கப் போவதாகச் சொன்னான். "தாத்தா, இது நகரவே நகராது. எல்லாரும் இதுக்கு முன்னாடி அடிச்சுடறாங்க" என்பது அவன் வாதம். அந்தப் பிராணியை நீக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு நாங்கள் இருவரும் நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. விளையாடும் பிள்ளைகள் நேராகப் படிக்கலாம். விளையாடாத பெரியவர்களுக்காக அடிப்படையை இரண்டு பத்தியில் சொல்லிவிடுகிறேன்.

போக்கிமான் 1996இல் ஜப்பானில் தொடங்கிய ஆட்டம். ஆளுக்கு ஆறு பிராணிகள். ஒற்றையர் ஆட்டத்தில் களத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம் ஒன்றுதான் நிற்கும். ஒவ்வொரு முறையும் இருவரும் தத்தம் முடிவை ஒரே சமயத்தில் ரகசியமாகத் தெரிவிக்க வேண்டும்: நாலு உத்திகளில் ஒன்றைப் பயன்படுத்தலாம், அல்லது களத்தில் உள்ளதை உள்ளே அழைத்து வேறொன்றை இறக்கலாம். வேகம் கூடியது முதலில் அடிக்கும். உயிர்ப் புள்ளி தீர்ந்தால் விழும். ஆறும் விழுந்தவர் தோற்றார்.

ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் இனம், அல்லது இரண்டு இனம் உண்டு: நீர், நெருப்பு, தாவரம், இரும்பு, மின்சாரம் என்று இப்போது மொத்தம் 18. நெருப்பு தாவரத்தை அடித்தால் இரட்டிப்புச் சேதம். நீர் தாவரத்தை அடித்தால் பாதிச் சேதம். இரண்டு இனம் கொண்ட பிராணிக்கு இரண்டின் பெருக்குத்தொகை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டு பொருளின் கூட்டு

ஃபெரோதார்ன் 2010இல் வந்த பிளாக், ஒயிட் ஆட்டங்களில் அறிமுகமானது. தாவரமும் இரும்பும் கலந்த இனம். உயரம் ஒரு மீட்டர், எடை 110 கிலோ. முள் நிறைந்த இரும்புத் தட்டு ஒன்று, அதிலிருந்து தொங்கும் மூன்று கொடிகள். குகைக் கூரையில் ஒட்டிக்கொண்டு, கீழே போகிறவர்கள் மேல் முள்ளை எய்யும் என்பது அதன் கதை.

தாவர இனத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால், தற்காப்புக்கு இது மட்டமான இனங்களில் ஒன்று. நெருப்பு, பனி, விஷம், பறவை, பூச்சி என ஐந்து பக்கம் பலவீனம். ஆனால் இந்த ஐந்தில் பனி, பறவை, பூச்சி மூன்றையும் இரும்பு பாதியாகக் குறைக்கும். இரண்டால் பெருக்கி இரண்டால் வகுத்தால் பழையபடி ஒன்று; அதாவது சாதாரணச் சேதம். விஷம் இரும்பில் ஏறவே ஏறாது. இனி இரும்பின் பக்கம் பார்ப்போம். அதற்கு நெருப்பு, சண்டை, நிலம் ஆகிய மூன்று பலவீனம். நிலத்தின் அடியைத் தாவரம் பாதியாக்கிவிடுகிறது. ஆக, எட்டில் ஐந்து அடிபட்டுப் போய், மிஞ்சுவது சண்டை இனம் ஒன்று, இரண்டுக்கும் பொதுவான நெருப்பு ஒன்று. பதினெட்டு இனங்களில் ஒன்பதின் அடி இதன் மேல் பாதியாகவோ அதற்கும் கீழாகவோதான் விழும். பத்தாவதான விஷம் ஒன்றும் செய்யாது.

கான்கிரீட் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கும் கம்பியை உள்ளே கட்டுகிறோம். ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தால் அது மூடப்படுவதில்லை, பெருகிவிடுகிறது. ஃபெரோதார்னுக்கு நெருப்பு நாலு மடங்கு. சிறிய நெருப்படி கூட ஆளைச் சாய்த்துவிடும். இந்தப் பிராணியை ஆடுவது என்றால், நெருப்பு எப்போது, எங்கிருந்து வரும் என்பதையே நினைத்துக்கொண்டு ஆடுவதுதான்.

வேகமின்மையை முழுதாக்குவது

இதன் அடிப்படை எண்கள்: உயிர் 74, தாக்குதல் 94, தற்காப்பு 131, சிறப்புத் தற்காப்பு 116, வேகம் 20. வேகத்தில் இதைவிட மெதுவானவை சொற்பமே. பேரன் என்ன செய்திருந்தான் என்றால், வளர்ப்பவர் தம் விருப்பப்படி பிரித்துத் தரும் 510 பயிற்சிப் புள்ளிகளில் பெரும்பகுதியைத் தாக்குதலுக்கும் வேகத்துக்கும் கொடுத்திருந்தான். குறையை நிரப்புகிறோம் என்ற எண்ணம். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம்தான். சரக்கு வண்டியை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அது எக்ஸ்பிரஸைத் தாண்டப் போவதில்லை.

இங்கே கைரோ பால் என்ற இரும்பு உத்தியைக் கவனிக்க வேண்டும். அதன் வலிமை நிலையானதல்ல. எதிரியின் வேகத்தை நம் வேகத்தால் வகுத்து, 25ஆல் பெருக்கினால் வருவதே ஏறத்தாழ அதன் வலிமை, உச்சவரம்பு 150. அதாவது நாம் எவ்வளவு மெதுவோ அவ்வளவு பலமான அடி. பல போட்டிகளில் எல்லாப் பிராணிகளையும் 50ஆம் நிலைக்குச் சமன் செய்துவிடுவார்கள். அந்த நிலையில், பயிற்சி ஏதும் தராமல் விட்ட சாதாரண ஃபெரோதார்னின் வேகம் 40. வேகத்தின் பிறவிப் புள்ளி பூஜ்யமாக இருப்பதைத் தேடிப் பிடித்து, வேகத்தைப் பத்து சதம் குறைக்கும் சுபாவத்தையும் சேர்த்தால் 22. எதிரியின் வேகம் 100 என்று வையுங்கள். முதலாவதற்குக் கைரோ பாலின் வலிமை சுமார் 63. இரண்டாவதற்கு சுமார் 114. பிராணி அதேதான், உத்தியும் அதேதான். பயிற்சியில் ஒரு புள்ளி கூடச் செலவழிக்காமல் அடி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது.

ஆகவே பயிற்சிப் புள்ளியில் 252ஐ உயிருக்கும், மீதியைத் தற்காப்புக்கும் சிறப்புத் தற்காப்புக்கும் தந்துவிட வேண்டும். தாக்குதலுக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு தற்காப்புக்கும் எப்படிப் பிரிப்பது என்பது அணியைப் பொறுத்தது. அதில் சண்டை போட்டுக்கொண்டிருப்பது வீண்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல பிள்ளைகள் கைரோ பாலோடு தண்டர் வேவ் என்ற முடக்கும் உத்தியையும் வைக்கிறார்கள். முடங்கிய எதிரியின் வேகம் குறையும். குறைந்தால் நம் கைரோ பாலின் வலிமையும் குறையும். தன் ஆயுதத்தைத் தானே மழுக்கிக்கொள்ளும் வேலை. இரண்டில் ஒன்றுதான் வைக்கலாம்.

அடிக்கிறவன் கட்டும் வரி

ஃபெரோதார்னின் இயல்பாற்றலுக்கு அயர்ன் பார்ப்ஸ் என்று பெயர். உடலைத் தொட்டு அடிக்கும் எதிரி, ஒவ்வொரு அடிக்கும் தன் முழு உயிரில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கைப்பொருளாக ராக்கி ஹெல்மெட் என்ற தலைக்கவசத்தையும் தந்தால் மேற்கொண்டு ஆறில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் இருபத்துநாலில் ஏழு பங்கு. நாலு முறை தொட்டு அடித்த எதிரி, நாம் விரல் அசைக்காமலே விழுந்துவிடும்.

இருந்தாலும் ஒற்றையர் ஆட்டத்தில் ஹெல்மெட்டை விட லெஃப்ட்ஓவர்ஸ் என்ற மிச்ச உணவே மேல் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு முறையின் முடிவிலும் பதினாறில் ஒரு பங்கு உயிர் திரும்பி வரும். ஃபெரோதார்னுக்கு ஒரேயடியாக உயிரை மீட்டுக்கொள்ளும் உத்தி கிடையாது. ஓய்வெடுத்துத் தூங்கும் ரெஸ்ட் ஒன்று உண்டு, ஆனால் தூங்கும் காவல்காரனால் என்ன பயன்? சிறுகச் சிறுகத்தான் இது உயிரைச் சேர்க்க வேண்டும்.

அதற்கு இரண்டாவது வழி லீச் சீட். எதிரி மேல் ஒரு விதையை ஊன்றிவிட்டால், ஒவ்வொரு முறையும் அதன் முழு உயிரில் எட்டில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டு நமக்கு வரும். எதிரியின் முழு உயிர் 200 என்றால் முறைக்கு 25. விதை ஊன்றிய மறுமுறை ப்ரொடெக்ட் என்ற கேடயத்தைப் போட்டால் எதிரியின் அடி வீண். நமக்கோ விதையிலிருந்து 25, மிச்ச உணவிலிருந்து 11, ஆக 36 புள்ளி. 50ஆம் நிலையில் முழுப் பயிற்சி தந்த ஃபெரோதார்னின் உயிர் 181. ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடைக்கிறது. கேடயத்தைத் தொடர்ந்து இரண்டு முறை போட்டால் பலிக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், ஒன்று விட்டு ஒன்று போட வேண்டும். தாவர இன எதிரிகள் மேல் விதை ஒட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விதை ஊன்றப்பட்ட எதிரி தப்பிக்கப் பெரும்பாலும் ஒரே வழி, உள்ளே போய்விட்டு வேறொன்றை இறக்குவது. அங்கேதான் மூன்றாவது உத்தியான ஸ்பைக்ஸ் வேலை செய்கிறது. எதிரியின் பக்கத் தரையில் முள் பரப்புவது. ஒரு அடுக்கு பரப்பினால், அதன் மேல் இறங்கும் ஒவ்வொரு பிராணிக்கும் எட்டில் ஒரு பங்கு சேதம். இரண்டு அடுக்குக்கு ஆறில் ஒன்று. மூன்று அடுக்குக்கு நாலில் ஒன்று. பறப்பவைக்கும் மிதப்பவைக்கும் முள் குத்தாது.

இப்போது எதிராளியின் நிலையை யோசித்துப் பாருங்கள். நின்றால் விதை உறிஞ்சும். அடித்தால் உடல் முள் குத்தும். போனால் வருகிறவனுக்குத் தரை முள். எதைச் செய்தாலும் ஒரு தொகை கட்டித்தான் ஆக வேண்டும். ஃபெரோதார்ன் யாரையும் வீழ்த்தாமலே ஆட்டத்தின் பாதியை முடித்துத் தந்துவிடுகிறது. "இது எதையும் அடிச்சுப் போடறதில்லையே" என்று பிள்ளைகள் குறைப்படுவது, கேட்டில் நிற்கும் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்து "இவர் ரயில் ஓட்டவில்லையே" என்று குறைப்படுவது போல.

ஒரு கணக்கு

பேரன் சேர்க்க விரும்பிய டிராகனையே எதிரியாக வைத்துப் பார்த்தோம். ஹாக்ஸரஸ், தாக்குதல் 147, மிகப் பயங்கரமான பிராணி. தாக்குதலைக் கூட்டும் சுபாவமும் முழுப் பயிற்சியும் தந்தால் 50ஆம் நிலையில் அதன் தாக்குதல் 218, வேகம் 149, உயிர் 151. அது அவுட்ரேஜ் என்ற வெறியாட்ட உத்தியை ஆரம்பித்தால் இரண்டு அல்லது மூன்று முறை நிறுத்தாமல் அடித்தாக வேண்டும். இடையில் மனம் மாற முடியாது.

தரையில் ஒரு அடுக்கு முள் இருக்கட்டும். ஹாக்ஸரஸ் இறங்கும்போதே 18 போயிற்று. முதல் அடி அதனுடையது. டிராகன் அடி இரும்பில் பாதிதான் என்பதால், தற்காப்பில் முழுப் பயிற்சி பெற்ற ஃபெரோதார்னுக்கு மிஞ்சினால் 44 சேதம். தொட்டு அடித்த குற்றத்துக்கு ஹாக்ஸரஸுக்கு இன்னொரு 18. இப்போது நம் கைரோ பால். 149ஐ 22ஆல் வகுத்து 25ஆல் பெருக்கினால் உச்சவரம்பான 150ஐத் தாண்டிவிடுகிறது. சேதம் ஏறத்தாழ 89 முதல் 105 வரை. எதிரியிடம் மிஞ்சியது 10 முதல் 26. மறுமுறை வெறியாட்டம் தொடர்ந்தே ஆக வேண்டும்; அடிக்கிறது, மீண்டும் 18 போகிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பில், அடித்த அடியிலேயே தான் விழும். விழாவிட்டால் நம் அடுத்த அடியில் விழும். ஃபெரோதார்னிடம் அப்போதும் நூறு புள்ளிக்கு மேல் உயிர் இருக்கும்.

பேரன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வேகமா இருக்கறதாலதான் அது சாகுதா?" என்று கேட்டான். கைரோ பால் விஷயத்தில் அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு ஃபெரோதார்ன் எந்த டிராகனையும் வெல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. அனுபவமுள்ள எதிராளி அவுட்ரேஜ் ஆடமாட்டார். சாலமென்ஸ் போன்ற டிராகன்கள் ஃபயர் பிளாஸ்ட் என்ற நெருப்பை ஒளித்து வைத்திருக்கும். அது தொடாமல் அடிக்கும் உத்தி. உடல் முள்ளால் பயனில்லை. எதிரியின் ஆறு பிராணிகளில் யாரிடம் நெருப்பு இருக்கக்கூடும் என்று ஆட்டம் தொடங்குமுன்பே காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் ஃபெரோதார்னை உள்ளே அழைத்துவிடுவதே மேல்.

துணை யார்?

உள்ளே அழைத்தால் யாரை இறக்குவது என்பதே இந்தப் பாடத்தின் கடினமான பகுதி. தனியாக நிற்கும் ஃபெரோதார்னுக்கு மதிப்பு பாதிதான்.

2010க்குப் பின் வந்த முதல் சில ஆண்டுகளில் பலர் கண்டுகொண்ட ஜோடி ஜெலிசென்ட். நீரும் ஆவியும் கலந்த ஒரு ஜெல்லி மீன். நெருப்பு அதன் மேல் பாதி. சண்டை இனத்தின் அடி ஆவியைத் தொடவே தொடாது. ஃபெரோதார்னின் இரண்டு பலவீனமும் அடைபட்டுவிட்டன. மறுபக்கம், ஜெலிசென்டுக்கு மின்சாரம், தாவரம், ஆவி, இருள் ஆகிய நாலு பலவீனம். மின்சாரத்தையும் தாவரத்தையும் ஃபெரோதார்ன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும். அந்நாளில் ஆவியும் இருளும் கூட இரும்பின் மேல் பாதிச் சேதமே செய்தன, நாலும் அடைந்தன. 2013இல் வந்த எக்ஸ், ஒய் ஆட்டங்களில் விதியை மாற்றி, ஆவி, இருள் இரண்டையும் இரும்பின் மேல் சாதாரணச் சேதமாக்கிவிட்டார்கள். ஜோடி கொஞ்சம் தளர்ந்தது, உடையவில்லை.

இந்த ஜோடிக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. தரை முள்ளைச் சுழற்றி எறிய ரேபிட் ஸ்பின் என்ற உத்தி இருக்கிறது. அது ஆவி இனத்தின் மேல் பலிக்காது. பலிக்காவிட்டால் முள்ளும் அகலாது. எதிரி சுழலப் போகிறான் என்று ஊகித்து ஜெலிசென்டை இறக்கினால், ஃபெரோதார்ன் கஷ்டப்பட்டுப் பரப்பிய முள் அப்படியே இருக்கும். 2013க்குப் பின் டிஃபாக் என்ற உத்தியும் முள்ளை அகற்றத் தொடங்கியதால், இந்தக் காவல் முன்போல் முழுமையானதல்ல.

மற்றொரு துணை மழை. பொலிடோட் என்ற தவளைக்குக் களத்தில் இறங்கியவுடன் மழையை வரவழைக்கும் ஆற்றல் வாய்க்கலாம். மழையில் நெருப்படி பாதியாகும். ஃபெரோதார்னுக்கு நாலு மடங்கு என்பது இரண்டு மடங்காக இறங்கும். ஒரு நெருப்படியைத் தாங்கி நின்று பதிலடி கொடுக்கவும் முடியும். 2013க்கு முன்பு இப்படி வந்த மழை தானாக நிற்காது. அதற்குப் பின் ஐந்து முறைதான், உரிய கல்லைக் கையில் கொடுத்தால் எட்டு. முறைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். மழை நின்ற முறையில்தான் பிள்ளைகள் ஃபெரோதார்னைப் பறிகொடுக்கிறார்கள்.

மூன்றாவது துணை, ஸ்டெல்த் ராக் என்ற மிதக்கும் பாறைகளை எதிரி பக்கம் வைக்கும் ஏதாவது ஒரு பிராணி. இதை ஃபெரோதார்னே கற்க முடியும் என்றாலும் நாலு உத்திக்குத்தான் இடம். பாறையின் சேதம் இனத்தைப் பொறுத்தது: வெறும் நெருப்பு இனத்துக்கு நாலில் ஒரு பங்கு, நெருப்போடு பறவையோ பூச்சியோ கலந்திருந்தால் பாதி உயிர். தரை முள் குத்தாத சாரிஸார்ட் இறங்கும்போதே பாதியாகிவிடும். நம் ஆளைக் கொல்ல வருகிறவர்களுக்கே இந்தப் பாறையில் பெரும் நஷ்டம் என்பதைக் கவனியுங்கள். பேரனின் அணியில் இந்த மாற்றத்தைத்தான் முதலில் செய்தோம்.

பிடித்து வைக்கும் எதிரி

இவ்வளவும் செய்தாலும் ஒரு எதிரி இருக்கிறது: மேக்னசோன், காந்த இரும்பு. மேக்னட் புல் என்ற இயல்பாற்றல் கொண்ட மேக்னசோன் களத்தில் நிற்கும்வரை இரும்பு இனத்தவர் உள்ளே போக முடியாது. நம் முக்கிய ஆயுதமான 'ஆபத்து வந்தால் விலகு' என்பதையே அது பிடுங்கிவிடுகிறது. பழைய ஆட்டங்களில் அது ஹிட்டன் பவர் என்ற உத்தியை நெருப்பு இனமாக வைத்துக்கொண்டு ஃபெரோதார்னை நிதானமாக எரித்தது. 2019இல் வந்த ஸ்வோர்டு, ஷீல்டு ஆட்டங்களில் ஹிட்டன் பவரை நீக்கிவிட்டார்கள். பாடி பிரெஸ் என்ற புதிய சண்டை உத்தியையும் சேர்த்தார்கள். இந்த உத்தியில் சேதம் தாக்குதலைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை, தற்காப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 131 தற்காப்புள்ள ஃபெரோதார்னுக்கென்றே செய்தது போன்றது. இரும்பு இனத்துக்குச் சண்டை ஆகாது என்பதால், பிடித்து வைக்க வரும் மேக்னசோனுக்கும் சரியான பதில். ஆனால் அதே மேக்னசோனிடமும் பாடி பிரெஸ் இருக்கக்கூடும். சண்டை நமக்கும் இரண்டு மடங்கு.

2022இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் ஃபெரோதார்ன் இடம்பெறவில்லை. ஆகவே இந்தப் பாடத்தை முயன்று பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஸ்வோர்டு, ஷீல்டு அல்லது அதற்கு முந்தைய ஆட்டங்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய ஆட்டங்களை ஆடுகிறவர்கள், எதிரணியில் மேக்னசோனைக் கண்டால் மிச்ச உணவை விட்டுவிட்டு ஷெட் ஷெல் என்ற ஓட்டைக் கைப்பொருளாகத் தரலாம். காந்தம் பிடித்தாலும் கழன்று வெளியே வர அது வழி செய்யும். முறைக்கு 11 புள்ளி உயிர் போகிறதே என்று பேரன் முணுமுணுத்தான். எட்டுப் பேர் போட்டியில் மேக்னசோன் வைத்திருப்பது யார் யார் என்று விசாரித்து வரச் சொன்னேன். இரண்டு பேர் என்று தெரிந்தது. அந்த இருவரோடு ஆடும்போது ஷெட் ஷெல், மற்றவர்களோடு மிச்ச உணவு என்று முடிவு செய்தோம்.